நான்கு கேள்விக்குறிகள்: விண்டோஸ் 7-க்குத் தாமதமாக ஒரு மதிப்புரை

2009 அக்டோபர் 22-இல் வெளிவந்த ஒரு பொருளுக்கு இப்போது உட்கார்ந்து மதிப்புரை எழுதுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். போன மாதம் நான்கு இரவுகள் எனக்கு இதனோடுதான் போயின. அந்த நான்கு இரவில் கற்றதை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் தலை வெடித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஸ்கேனர். அப்பா எடுத்த படங்களின் நெகட்டிவ் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கிறது. நெகட்டிவை வைத்துப் பிடிக்கும் சட்டத்தோடு வந்த என் பழைய ஸ்கேனர் இன்றைக்கும் ஒரு குறையில்லாமல் வேலை செய்கிறது. ஆனால் அதன் டிரைவர் 32 பிட் விண்டோஸ் 7-ஐத் தாண்டி வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. அதற்காகவே 2 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய லேப்டாப்பை வைத்திருந்தேன். அதன் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் டக் டக் என்று சத்தம் போட்டது, மறுநாள் அதுவும் நின்றது. டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டேன். சர்வீஸ் பேக் 1 சேர்ந்த பழைய டிவிடி கையில் இருந்தது. புதிதாக ஏற்றினேன்.

"மாமா, இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஸ்கேனர் வாங்குங்களேன்" என்றாள் அக்கா மகள். அவள் சொன்னதில் தப்பில்லை. நெகட்டிவ் சட்டம் எனக்கு இந்த ஸ்கேனரோடுதான் கைவந்திருக்கிறது என்று அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? சிரித்து வைத்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்டியில் இந்த விண்டோஸ் பறக்கிறது. கீழே இருக்கும் பட்டை, ஸ்டார்ட் மெனு, கண்ட்ரோல் பேனல் எல்லாம் கை மறக்காத இடத்தில் இருக்கின்றன. எதையும் விற்க முயலாத, எந்தச் செய்தியையும் ஓரத்தில் காட்டாத ஒரு திரையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! இன்ஸ்டால் முடிந்து அந்த நீலப் பின்னணி வந்தபோது, ஊருக்குப் போய்ப் பழைய அறைக் கதவைத் திறந்த மாதிரி இருந்தது.

அந்த அறைக்குள் புதிதாக ஒரு சாமானைக் கொண்டு வர முயலும்போதுதான் வாசல் சின்னது என்று தெரிகிறது.

தொடக்கத்திலேயே ஒரு அசட்டுத்தனம். உடன் வரும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-ஐத் திறந்தால் எந்தத் தளமும் வரவில்லை. அதில் டிஎல்எஸ் 1.2, அதாவது தளங்களோடு ரகசியமாகப் பேசும் முறை, அணைத்த நிலையில்தான் வரும், இன்றைய தளங்கள் அதற்குக் கீழே பேசுவதில்லை. அது எனக்குத் தெரியும். ஆகவே அதுதான் காரணம் என்று முடிவு கட்டி ஒரு மணி நேரம் செட்டிங்கை நோண்டினேன். பிறகு தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். தேதி 2009 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துப் போயிருந்தது. கணினி 2009-இல் வாழ்ந்துகொண்டிருந்தால், ஒரு தளம் தன் அடையாளத்துக்காகக் காட்டும், இந்த வருடம் வழங்கிய சான்றிதழைப் பார்த்து "இது இன்னும் பிறக்கவே இல்லையே" என்றுதான் சொல்லும். காசு அளவு பேட்டரி ஒன்றை மாற்றினேன். பழைய கணினியில் எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் முதலில் தேதியைப் பாருங்கள். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் அப்டேட். இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. காசு கொடுத்த நிறுவனங்களுக்கான நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்தது. ஆதரவு முடிந்தது என்றால் புதிய அப்டேட் வராது என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். என் மாதிரி டிவிடியிலிருந்து புதிதாக ஏற்றியவர்களுக்குச் சிக்கல் வேறு: ஏற்கெனவே வந்த அப்டேட்களே நம்மிடம் இல்லை. டிவிடியில் இருப்பது 2011-ஆம் வருடத்து விண்டோஸ். அதன் பிறகு உலகம் கையெழுத்துப் போடும் முறையையே மாற்றிவிட்டது.

முன்பெல்லாம் மென்பொருள்களின் டிஜிட்டல் கையெழுத்துக்கு ஷா-1 என்ற முறை. அதை உடைக்க முடியும் என்று ஆனதும் எல்லோரும் ஷா-2-க்குப் போனார்கள். 2019-இல் விண்டோஸ் 7-இன் அப்டேட்களும் ஷா-2-இல் மட்டுமே கையெழுத்தாகி வரத் தொடங்கின. அந்தக் கையெழுத்தைப் படிக்கக் கற்றுத்தருவதும் ஒரு அப்டேட்தான். அது இல்லாமல் அடுத்ததை ஏற்றப் போனால் 80092004 என்று முடியும் ஒரு எண்ணைக் காட்டி நின்றுவிடும். அந்த எண்ணைப் பார்த்து "ஓ, கையெழுத்துப் பிரச்சினை" என்று புரிந்துகொள்ளும் மனிதர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குச் சரியாக வந்த வரிசை இது. வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் கேபி என்று தொடங்கும் ஒரு எண் கொடுக்கிறது. முதலில் கேபி3020369. அதற்குப் பிறகு கேபி3125574. சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு 2016 ஏப்ரல் வரை வந்தவற்றில் பெரும்பாலானதை ஒரே மூட்டையாகக் கட்டியது இது. சில நூறு எம்பி இருக்கும். முதலாவது இல்லாமல் இரண்டாவது ஏறாது. அப்புறம் கேபி4490628, கடைசியாக அந்தக் கையெழுத்துப் பாடம், கேபி4474419. ஒவ்வொன்றுக்கும் நடுவே ரீஸ்டார்ட் கேட்டால் கொடுத்துவிடுங்கள், "அப்புறம் பார்க்கலாம்" வேண்டாம்.

இதில் இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தேன். ஒன்று, பெயர். கேட்டலாக்கில் எக்ஸ்86 என்றும் எக்ஸ்64 என்றும் இரண்டு இருக்கும். 86 பெரிய எண், ஆகவே அதுதான் பெரிய கணினிக்கு என்று அவசரத்தில் மூளை முடிவு செய்தது. எக்ஸ்86 என்றால்தான் 32 பிட். தவறான ஃபைலைக் கொடுத்தால் "இந்த அப்டேட் உங்கள் கணினிக்குப் பொருந்தாது" என்று மட்டும் வரும். ஏற்கெனவே ஏறியிருந்தாலும் அதே வாசகம், முன்தேவை ஏறாமல் இருந்தாலும் அதே வாசகம். மூன்று வியாதிக்கும் ஒரே இருமல்.

இன்னொன்று, காத்திருப்பு. அப்டேட் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்ததும் "கணினியில் அப்டேட்களைத் தேடுகிறது" என்று பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடும். ஓடும், ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். நான் குளித்து, சாப்பிட்டு, துணி மடித்துவிட்டு வந்தும் ஓடியது. பழைய அப்டேட் ஏஜென்ட், எந்த அப்டேட் எதை விழுங்கியது என்ற நீளமான கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. வழி எளிது: இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிடுங்கள், சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் சர்வீஸை நிறுத்துங்கள், அப்புறம் ஃபைலைத் திறங்கள். தேவையானபோது அதுவே சர்வீஸை எழுப்பிக்கொள்ளும். என் கணினியில் ஒன்றரை மணி நேரம் நகராதது இப்படிச் செய்தபின் சில நிமிடத்தில் நகர்ந்தது.

இவ்வளவும் முடிந்ததும் ஃபயர்ஃபாக்ஸ் ஈஎஸ்ஆர் 115-ஐப் போட்டேன். விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி ஃபயர்ஃபாக்ஸ் வரிசை அது, 2023 ஜூலையில் தொடங்கியது. குரோம் அதற்கு முன்பே 109-ஓடு விடைபெற்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சான்றிதழ்களை நம்பும் பட்டியலையும் டிஎல்எஸ்ஸையும் அது தன்னோடே கொண்டுவருகிறது, விண்டோஸிடம் கடன் கேட்பதில்லை. ஆகவே விண்டோஸ் எவ்வளவு பழசாக இருந்தாலும் தளங்கள் திறந்தன. விஎல்சி, 7-ஜிப் இரண்டும் ஒரு வார்த்தை பேசாமல் ஏறின. இந்த மாதிரி மென்பொருள் எழுதுபவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

சரி, இப்போது கதையின் வில்லனுக்கு வருவோம்.

நெகட்டிவ் ஸ்கேனிங் மென்பொருள் ஒன்று. பெயர் வேண்டாம். காசு கொடுத்து உரிமம் வாங்கியிருக்கிறேன். அவர்கள் தளத்தில் "விண்டோஸ் 7 மற்றும் அதற்கு மேல்" என்று இன்றைக்கும் எழுதியிருக்கிறது. புதிய பதிப்பை இறக்கி ஓட்டினேன். ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் (பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணை ஃபைல்) காணவில்லை என்றது.

இந்த இடத்தில் ஒரு பாவமன்னிப்பு. பல வருடங்களுக்கு முன் இதே செய்தி வந்தபோது, காணாமல் போன டிஎல்எல்லை ஒற்றை ஃபைலாகத் தரும் ஒரு தளத்திலிருந்து இறக்கி சிஸ்டம்32-க்குள் போட்டேன். மறுநாள் இன்னொரு டிஎல்எல் காணவில்லை என்றது, அதற்கு மறுநாள் பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறியிருந்தது. அந்தக் கணினியை முழுக்க அழித்துத்தான் மீட்டேன். இந்த டிஎல்எல் தனி ஆள் இல்லை, ஒரு கூட்டத்தில் ஒருவன். யுனிவர்சல் சி ரன்டைம் என்பது கூட்டத்தின் பெயர். விண்டோஸ் 10-இல் உடன்பிறந்தே வருகிறது, விண்டோஸ் 7-க்கு கேபி2999226 என்ற அப்டேட்டாக வந்தது. அதை ஏற்றினால் கூட்டமே வந்துவிடும். ஏற்றினேன், அந்தச் செய்தி மறைந்தது.

அடுத்த செய்தி வந்தது. கெர்னல்32 டிஎல்எல்லுக்குள் ஒரு "என்ட்ரி பாயின்ட்", அதாவது ஒரு செயல்பாடு, கிடைக்கவில்லையாம். அதன் பெயர் கெட்-சிஸ்டம்-டைம்-பிரிசைஸ்-ஆஸ்-ஃபைல்-டைம். ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். மைக்ரோ விநாடிக்கும் குறைவான துல்லியத்தில் நேரம் சொல்லும் வசதி அது, விண்டோஸ் 8-இல்தான் பிறந்தது. அசையாமல் கிடக்கும் ஒரு நெகட்டிவை ஸ்கேன் செய்ய மைக்ரோ விநாடிக் கணக்கு எதற்கு என்று கத்தினேன். பிறகு யோசித்தால், அவர்கள் வேண்டுமென்றே அதைச் சேர்த்திருக்க வாய்ப்பில்லை. மென்பொருளைக் கட்டும் கருவிகள் புதிதாகும்போது இந்த மாதிரி தேவைகள் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகின்றன. பைதான் 3.8-ஓடும் கோ மொழி 1.20-ஓடும் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டன. அதற்கு மேல் உள்ளவற்றால் கட்டினால், எழுதியவருக்கே தெரியாமல் ஏழு கழன்றுகொள்ளும். கட்டியபின் ஒரு பழைய கணினியில் ஓட்டிப் பார்த்திருக்கலாம். அதைத்தான் செய்யவில்லை. செய்யாமல் தளத்தில் "7 மற்றும் அதற்கு மேல்" என்று எழுதிவைப்பதுதான் என் கோபம்.

டிஎல்எல் காணவில்லை என்றால் வாங்கிப் போடலாம். கெர்னல்32-க்குள் ஒரு செயல்பாடு இல்லை என்றால் போட வழியில்லை, அது விண்டோஸின் உடம்பு. இல்லாத செயல்பாடுகளை நடுவில் நின்று ஈடுகட்டும் விஎக்ஸ்-கெக்ஸ் போன்ற கருவிகள் உண்டு. டிரைவரோடு பேசும் மென்பொருளில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உதவி மையத்துக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்து இரண்டு வரியில் பதில்: இயங்குதளத்தைப் புதுப்பிக்கவும், நன்றி. அவர்கள் தளத்தில் கீழே, சின்ன எழுத்தில், "பழைய பதிப்புகள்" என்று ஒரு இணைப்பு இருந்ததை நானேதான் கண்டுபிடித்தேன். உதவி மையத்துக்கும் அது தெரிந்திருக்காது போல.

பழைய பதிப்புக்கு டாட்நெட் 4.8 என்ற மைக்ரோசாஃப்ட்டின் துணை மென்பொருள் வேண்டும். விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி டாட்நெட் ஃபிரேம்வொர்க் அதுதான். ஆஃப்லைன் இன்ஸ்டாலரைக் கொடுத்தால், சான்றிதழ்ச் சங்கிலி நம்பிக்கைக்குரிய வேரில் முடியவில்லை என்றது. மற்றச் சான்றிதழ்களுக்கு வேராக நிற்கும், மைக்ரோசாஃப்ட்டின் 2011-ஆம் வருட ரூட் சான்றிதழ் இந்தக் கணினியில் இல்லை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சான்றிதழ் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போனால் "வெற்றி" என்று சொல்லும், ஆனால் அது என் பயனர் கணக்கின் பெட்டியில் மட்டும் விழுந்திருக்கும். இன்ஸ்டாலர் பார்ப்பது கணினி முழுமைக்குமான பெட்டியை. எம்எம்சி என்ற நிர்வாகக் கருவியைத் திறந்து, சர்டிஃபிகேட்ஸ் என்பதைச் சேர்க்கும்போது "கம்ப்யூட்டர் அக்கவுன்ட்" என்பதைத் தேர்ந்து, அதற்குள் ரூட் பெட்டியில் போட வேண்டும். வெற்றி என்ற செய்தியை நம்பி ஒரு இரவைத் தொலைத்தேன். இந்தக் கணினியில் பிழைச் செய்தி காட்டும் இடத்தில் பிழை இருந்ததே இல்லை, எப்போதும் ஒரு படி கீழேதான் இருந்தது.

நான்காவது இரவு. எல்லாம் தயார். பழைய பதிப்பின் இன்ஸ்டாலரை ஓட்டினேன். பச்சைக் கோடு முக்கால் தூரம் போனது, நின்றது, பின்னோக்கி வழிந்தது. பிழை 1603. விண்டோஸ் இன்ஸ்டாலரின் அகராதியில் 1603 என்றால் "ஏதோ ஆகிவிட்டது" என்று அர்த்தம்.

இந்த மாதிரி நேரத்தில் இணையத்தில் தேடாதீர்கள், ஆயிரம் பேர் ஆயிரம் மருந்து சொல்வார்கள். லாக் எழுதச் சொல்லுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் எம்எஸ்ஐஎக்ஸ்ஈசி கட்டளையோடு லாக் எழுதும் சுவிட்சைச் சேர்த்து ஓட்டினால், என்ன நடந்தது என்பதைப் பல்லாயிரம் வரிகளில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எழுதித் தரும். அதை நோட்பேடில் திறந்து "ரிட்டர்ன் வேல்யூ 3" என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். முதலில் அது வரும் இடத்துக்குச் சற்று மேலேதான் வினை இருக்கும். என் லாக்கில் அந்த இடத்துக்கு ஆறு வரி மேலே, ஒரு தற்காலிக ஃபைலைப் பிரித்து வைக்கப் போன ஃபோல்டரின் பாதை இருந்தது. சி டிரைவ், யூசர்ஸ், அப்புறம் நான்கு கேள்விக்குறி, அதற்குப் பின் ஆப்டேட்டா, லோக்கல், டெம்ப்.

நான்கு கேள்விக்குறி. சில நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விண்டோஸ் ஏற்றும்போது பயனர் பெயர் கேட்டதே, அங்கே ஆசையாகத் தமிழில் "வீடு" என்று வைத்திருந்தேன். நமக்கு அது இரண்டு எழுத்து. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் வ, ஈகாரக் குறி, ட, உகரக் குறி என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி. யூனிகோடு தெரியாத அந்தப் பழைய இன்ஸ்டாலர், தன்னால் படிக்க முடியாத ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாக மாற்றி, அப்படி ஒரு ஃபோல்டரைத் தேடப் போயிருக்கிறது. விண்டோஸில் ஃபோல்டர் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது. விழுந்துவிட்டது.

யூனிகோடு தெரியாத மென்பொருள்களுக்கு எந்த மொழி என்று சொல்ல கண்ட்ரோல் பேனலில் ஒரு இடம் உண்டே என்று அங்கே போனேன். ஜப்பான் மொழி இருக்கிறது, ரஷ்ய மொழி இருக்கிறது. தமிழ் இல்லை. அந்த மொழிகளுக்கெல்லாம் யூனிகோடுக்கு முன்பே விண்டோஸில் ஒரு கோட் பேஜ், அதாவது அந்தந்த மொழி எழுத்துக்கு எண் கொடுக்கும் பட்டியல், இருந்தது. தமிழுக்கு அப்படி ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை, தமிழ் விண்டோஸுக்குள் யூனிகோடாகவே நுழைந்தது. டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு ஃபான்ட் வைத்துக்கொண்டு அடித்த காலம் ஞாபகம் இருப்பவர்களுக்கு இது புரியும். அந்த ஃபான்ட்களெல்லாம் கணினியை ஏமாற்றிய வேலைதான், கணினிக்குத் தமிழ் தெரிந்ததால் அல்ல. 2018-இல் விண்டோஸ் 10-இல் யூடிஎஃப்-8-ஐ எல்லாவற்றுக்கும் பொதுவாக வைக்கும் சோதனை வசதி வந்தது. ஏழில் அதுவும் கிடையாது.

பயனர் பெயரை மாற்றினால் சரியாகுமா? ஆகாது. திரையில் தெரியும் பெயர் மாறும், ஃபோல்டர் அப்படியேதான் இருக்கும். நான் செய்தது இதுதான்: சி டிரைவில் டெம்ப் என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டேன். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் என்ற இடத்தில் டெம்ப், டிஎம்பி இரண்டையும் அந்த ஃபோல்டருக்குத் திருப்பினேன். லாக் ஆஃப் செய்து திரும்ப வந்து இன்ஸ்டாலரை ஓட்டினேன். பச்சைக் கோடு கடைசிவரை போனது. ஃபினிஷ் பொத்தானை உடனே அழுத்தாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மதிப்பெண் கேட்டால், ஒரே வேலைக்கென்று ஒதுக்கி வைக்கும் கணினிக்கு விண்டோஸ் 7-க்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அன்றாடம் பயன்படுத்த ஒன்றரை. வங்கி, மின்னஞ்சல் பக்கமெல்லாம் இதைக் கொண்டு போகவே கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் ஏறியதும் வைஃபையை அணைத்துவிட்டேன். முழு டிஸ்கையும் இமேஜாக எடுத்து வெளி டிரைவில் வைத்திருக்கிறேன், இந்த நான்கு இரவை இன்னொரு முறை வாழ எனக்குத் தெம்பில்லை. மெய்நிகர் கணினியில் ஓட்டலாமே என்று சிலர் கேட்பீர்கள். ஓட்டலாம்தான், என் இன்னொரு கணினி அந்தப் பாரத்தைத் தாங்காது. அந்த ஸ்கேனிங் மென்பொருளின் பழைய பதிப்புக்கு நான்கு, புதிய பதிப்பு ஓடவே இல்லை, ஆகவே மதிப்பெண்ணும் இல்லை. தளத்தில் இருக்கும் அந்த ஒற்றை வரியைத் திருத்தினால் நானும் இதைத் திருத்துகிறேன்.

முதல் நெகட்டிவை வைத்தேன். அம்மா ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஏறத் தெரியாது என்பது நிற்கும் விதத்திலேயே தெரிகிறது. சேமிக்கும் பெட்டியில் "அம்மா" என்று தமிழில் அடித்தேன். ஐந்து கேள்விக்குறி வந்தது. அழித்துவிட்டு 001 என்று வைத்தேன். பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது, அதில் 001-க்கு நேரே அம்மா, சைக்கிள் என்று பேனாவால் எழுதிக்கொண்டேன். இன்று 146-இல் இருக்கிறேன்.